மூன்றாம் மாடி வராந்தாவில் நின்றவர்கள்

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சாப்பிடும்போது சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாள் நான் அதை ரசத்தில் நனைத்தேன். ஓய்வு பெறும் வரை என் புகைப்படத்தின் இடது கன்னம் பழுப்பாகவே இருந்தது. புதியவர்களுக்கு நான் உறுதியாகத் தரக்கூடிய அறிவுரை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விவாதத்துக்கு உரியது.

"உங்க சாதனைகளைப் பத்திப் பேசுங்க சார்" என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சமூகக் கொள்கை வல்லுநர் என்ற பெயரில் வீட்டுவசதி, மறுகுடியமர்வு, முதியோர் நலன் என்று அறிக்கை அறிக்கையாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை அலமாரிகளில் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கின்றன. யாரும் பிரிக்காததால் ஒரு தாளும் கசங்கவில்லை. என் மனைவி சுகந்தி பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மதிப்பெண் போடுவதில் கறார். "சாதனையெல்லாம் எதுக்குங்க? அந்த நைட்டி பொம்மை கதையச் சொல்லுங்க. அதுலதான் நீங்க கொஞ்சமாவது ஏதோ கத்துக்கிட்டீங்க" என்றாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் குறட்டை விட்டால் நாட்டுக்கே அவமானம் என்று வெளியே நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் ஒதுங்கினேன். உள்ளே இருந்ததெல்லாம் ஓவியப் பள்ளிப் பக்கமே போகாதவர்கள் செய்தவை. சலவைக்காரர் ஒருவர், கைதி ஒருவர், பைத்தியம் என்று வீட்டாரால் ஒதுக்கப்பட்ட பெண் ஒருத்தி. யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கவில்லை, ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாமல் செய்திருக்கிறார்கள். அவுட்சைடர் ஆர்ட் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கியவன் கதவைச் சாத்தும் வரை வெளியே வரவில்லை.

அதன் பிறகு செம்பாக்கத்தில் என் வீடு நிரம்பத் தொடங்கியது. ஒரு வாட்ச்மேன் சோடா மூடிகளால் செய்த யானை. பள்ளிக்கரணையில் டீக்கடை வைத்திருந்தவர் பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் வரைந்த சதுப்பு நிலப் பறவைகள்; எல்லாவற்றுக்கும் மனிதக் கால்கள், சிலவற்றுக்குச் செருப்பு. யாராவது கேட்டால் இவற்றைப் பற்றி நீளமாகப் பேசுவேன். யாரும் கேட்பதில்லை. அப்போதும் பேசுவேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். நகரத்துக்குள் ஆற்றோரம் குடிசையில் இருந்தவர்கள் அங்கே குடிவந்த பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து வர வேண்டும்.

ஒரு பிளாக்கில் மூச்சு வாங்க மூன்றாம் மாடி ஏறினேன். வராந்தாவின் மங்கலான வெளிச்சத்தில் நைட்டி போட்டு, அதன் மேல் துண்டு போர்த்திய ஒரு பெண், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். ஆய்வுக்காக வந்திருப்பதாகச் சொன்னேன். பதில் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, நம் தொழிலில் நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்போமே அந்தச் சம்மத வாசகம், அதை ஆரம்பித்தேன். நீங்கள் விரும்பினால் மட்டுமே பதில் சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், உங்கள் பெயர் வெளியே வராது. ஒரு வார்த்தை விடாமல் முழுவதும் சொன்னேன்.

பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"சார், அது பேசாது சார். சிமெண்ட்டு."

அவர்தான் ராணி. ஐம்பது வயது இருக்கும். கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். இங்கே வந்த பிறகு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. கம்பியை வளைத்துக் கூடு கட்டி, உள்ளே பிளாஸ்டிக் கவர்களைத் திணித்து, பழைய துணியைச் சிமெண்ட் பாலில் முக்கி அதன் மேல் போர்த்தி, ஆள் உயரத்துக்கு மனிதர்களைச் செய்து வராந்தாவில் வரிசையாக நிறுத்தியிருந்தார். தையல் மெஷின் முன்னால் குனிந்த ஒரு ஆள். குடத்தை இடுப்பில் வைத்து ஒரு கிழவி. முகங்களில் கண் இல்லை, வாய் இல்லை, மூக்கு மட்டும். ஆனால் ஒவ்வொருவரும் எப்படி நிற்பார், எந்தக் காலில் பாரம் போடுவார் என்பது துணி மடிப்பிலேயே தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இவங்கல்லாம் யாரும்மா?"

"எங்க சந்துல இருந்தவங்க சார். நீங்க பேசுனீங்களே, இது பேபி, என் பக்கத்து வூடு. அத்தாண்ட டெய்லரு. அங்க எப்படி இருந்தாங்களோ அதே வரிசைல வெச்சுகினு கீறேன்."

"இப்போ?"

"எல்லாம் போய்ட்டாங்க சார்" என்றார் ராணி. முந்தானையால் பேபியின் தோளில் இருந்த தூசியைத் துடைத்தார்.

நான் தலை குனிந்து நின்றேன். கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். அறிக்கையை அல்ல, ஒரு கலைப் பத்திரிகைக்குக் கட்டுரை. தலைப்பு, 'சிமெண்டில் ஒரு ஒப்பாரி'. இறந்துபோன அண்டை வீட்டாருக்காக ஒரு தொழிலாளிப் பெண் எழுப்பிய நினைவு மண்டபம் அது என்று எழுதியிருந்தேன். 'மரணத்தின் வராந்தா' என்றுகூட ஒரு வரி உண்டு.

அப்போது எங்களுக்கு ஒரு இயக்குநர் அம்மா இருந்தார். அதிகம் பேச மாட்டார். பாராட்டை எதிர்பார்த்து அவரிடம் கட்டுரையைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. இவங்கல்லாம் எப்படி இறந்தாங்க?"

"அது கலைக்கு முக்கியமில்ல மேடம்."

"நமக்கு முக்கியம்" என்றார். அவருக்குக் கலை உணர்வு போதாது என்று முடிவு கட்டி, கட்டுரையைத் தபாலில் சேர்த்தேன். வெளிவந்தது. இரண்டு பேர் அழுதுகொண்டே போன் செய்தார்கள். ஒருவர் என் மைத்துனர். அவர் எதற்கும் அழுவார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு முற்பகலில் ராணியின் போன். "சார், பொம்மையெல்லாம் தூக்கிப் போடப் போறாங்களாம். சீக்கிரம் வாங்க."

நடந்தது இதுதான். ராணிக்கு அடுத்த வீட்டில் தனசேகர் என்ற வாடகைக் கார் டிரைவர். அவருடைய அப்பா தினமும் காலையில் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். ராணி டீ கொடுப்பார். அன்று பெரியவருக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பொம்மைகளுக்கு நடுவே திரும்ப இடமில்லை. பேபியைத் தள்ளு என்று ஒருவர் கத்த, தள்ளினால் உடையும் என்று ராணி கத்த, கடைசியில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து எப்படியோ இறக்கிவிட்டார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பிளாக் முழுக்கக் கொதித்துப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழே மோட்டார் ரூம் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். நான் கட்டுரை வெளிவந்த பத்திரிகையோடு போயிருந்தேன். பேசச் சொன்னார்கள். பேசினேன். கலை என்பது அரண்மனைகளில் மட்டும் பிறப்பதில்லை என்று ஆரம்பித்து, வெளிநாட்டு அருங்காட்சியகம், மழை, எல்லாம் சொன்னேன். உலகமே திரும்பிப் பார்க்கப் போகிறது உங்கள் வராந்தாவை என்றேன். ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். தண்ணீர் லாரி வந்ததும் பாதிப் பேர் குடத்தோடு எழுந்து போய், பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். நான் இன்னும் மழையில்தான் இருந்தேன்.

தனசேகர் எழுந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"சார், நீங்க படிச்சவரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பாவ தூக்கினு வரேன். வழில இது நிக்குது. அப்பாவப் பாக்கணுமா, பொம்மையப் பாக்கணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராணியும் பார்த்தார்.

நம் தொழிலில் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. 'இரு தரப்பு நலன்களையும் சமநிலையில் வைத்து அணுக வேண்டும்.' எத்தனையோ அறிக்கைகளில் அதைப் போட்டுத் தப்பித்திருக்கிறேன். தொண்டை வரை வந்தது. தனசேகரின் சட்டையைப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப் பையில் பார்வையாளர் சீட்டு எட்டிப் பார்த்தது.

"அப்பாவத்தான்" என்றேன்.

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான், மோட்டார் ரூம் பக்கத்துச் சுவரோரம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளட்டும் என்றார். தகரம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். அன்றே ஆட்கள் சேர்ந்து பொம்மைகளைக் கீழே இறக்கினார்கள். தனசேகரே தையல்காரரைத் தோளில் தூக்கிவந்தார். பேபி மட்டும் அகலம் அதிகம். சுவரோரம் இடம் பற்றவில்லை. இடுப்பில் வைத்த கை வழியை அடைத்தது.

"அவ்ளோ ஆசையா பேசுனீங்களே, உங்க வூட்டு வாசல்ல வெச்சுக்குங்க" என்று யாரோ சொன்னார்கள்.

கிண்டலாகத்தான் சொன்னார்கள். நான் சரி என்றேன்.

குட்டியானை வண்டியில் பேபியைக் கயிறு போட்டுக் கட்டி, மேடவாக்கம் வழியாகச் செம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தோம். சிக்னலில் ஒரு போலீஸ்காரர், "என்னப்பா, லேடீஸ நிக்க வெச்சுக் கட்டிக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று வண்டியை ஓரம் கட்டினார். கேட் பக்கம், செம்பருத்திச் செடி அருகே பேபியை நிறுத்தினேன்.

மறுநாள் காலை பேபியின் கையில் பால் பாக்கெட் பை தொங்கியது. கூரியர் பையன், "மேடம், ஓடிபி சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, வராந்தாவில் இருந்த என்னிடம், "சார், மேடம் காதுல வாங்க மாட்டேங்கறாங்க" என்று புகார் செய்தான். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் தணிந்த குரலில், "சார், யாரோ ஒரு லேடி நைட்டியோட ரெண்டு நாளா உங்க வாசல்ல நிக்கறாங்க. ஏதாவது பிரச்சினையா?" என்றார். காலனி சங்கச் செயலாளர் நேரிலேயே வந்தார். அவருடைய மாப்பிள்ளை காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பயந்துவிட்டாராம். "கலையெல்லாம் சரி சார். ஆனா நாலு குடும்பம் இருக்கற இடம் பாருங்க." பெரும்பாக்கத்து மக்களுக்குச் சகிப்புத்தன்மையைப் பற்றி வகுப்பெடுத்தவன் என்னுடைய காலனியில் யாருக்கும் எதையும் விளக்க முடியாமல் நின்றேன். அவர்களாவது என்னைக் கடைசி வரை பேசவிட்டார்கள்.

வண்டிக் குலுங்கலில் பேபியின் தோளில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. ராணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சுகந்தி பேசினாள், மறு ஞாயிற்றுக்கிழமையே ராணி ஒரு சின்னப் பையில் சிமெண்டோடு வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை. நேரே பேபியிடம் போய்த் தோளைத் தடவிப் பார்த்தார்.

சுகந்தி காபி கொண்டுவந்து கொடுத்து, படியில் உட்கார்ந்தாள்.

"எப்படி தவறிப்போனாங்க ராணி, இந்தம்மா?"

ராணியின் கை அப்படியே நின்றது. "யாரு?"

"பேபி."

"ஐய! இன்னாம்மா இப்படி சொல்ட்ட? பேபி நல்லா கல்லு மாறி கீறா. நாலு பிளாக்கு தள்ளி, கீழ் வூடு."

"இவர் எல்லாரும் போயிட்டாங்கன்னு சொன்னாரே."

"ஆமா, போய்ட்டாங்கதான். குலுக்கல்ல ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டாங்க. நானு வேலைக்குப் போய் வர்றப்ப அவ தூங்கிப்பூடுவா. அவ வர்றப்ப நானு இல்ல. அங்கன்னா சுவத்துல தட்டுனா கொரல் குடுப்பா. இங்க எத்த தட்டுறது?"

நான் வாயைத் திறந்தேன். குலுக்கல் முறைதான் இருப்பதிலேயே பாரபட்சமற்றது, சிபாரிசுக்கு இடம் தராதது என்று விளக்க ஆரம்பித்தேன். ராணி பொறுமையாகக் கேட்டார்.

"ஏங்க, உள்ள போய் அந்த பிஸ்கட் டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்றாள் சுகந்தி.

உள்ளே போனேன். சமையலறையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மரணத்தின் வராந்தா. மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது? 'போய்ட்டாங்க' என்றால் எங்கே என்று கேட்க எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதை நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டிய பதில் அழகாக இருந்தது. இயக்குநர் அம்மாவிடம் மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேபி எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார்.

தரைத்தளம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் மாடியில் தனசேகர், படி இறங்க முடியாத அப்பாவோடு. நாலு பிளாக் தள்ளிக் கீழ் வீட்டில் பேபி, சிநேகிதிக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல். வீட்டை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் விடிவு.

பேபியைப் போய்ப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துத்தான் கதவைத் திறந்தார். இந்த முறை சம்மத வாசகம் சொல்வதற்கு முன் கண் இமைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். "ராணி பக்கத்துலயா? இப்பவே பாயச் சுருட்டட்டா?" என்றார். தனசேகரும் சம்மதித்தார். ஆனால் அப்படி மாற்றிக்கொள்ள அப்போது வழியிருக்கவில்லை. நான் வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "சார், காரணம்னு என்ன போடறது?" என்று கேட்டார்.

"சிநேகிதம்னு போடுங்க."

"'உடல்நலம்'னு போட்டா நகரும் சார். 'சிநேகிதம்'னு போட்டா என் மேலதிகாரி என்னையே டாக்டர்கிட்ட அனுப்புவார்."

உடல்நலம் என்றே போட்டோம். நட்பு, பக்கவாதத்தின் தோளில் ஏறி ஒருவழியாக மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. குடியிருப்பு ஒதுக்கும்போது பழைய அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக் குலுக்கலாம் என்று என் அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். என் பத்திகளில் யாரோ உண்மையாகவே படித்தது அதுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். யோசனையாக வெளியே போனது என் பெயரில் அல்ல. பரவாயில்லை.

சிமெண்ட் பேபியைப் பெரும்பாக்கத்துக்கே திருப்பி அனுப்பினோம்; தகரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி அங்கே இடம் செய்திருந்தார்கள். சுகந்திக்கு மனமில்லை, செடிக்குத் தண்ணீர் விடும்போது அதனோடு பேசப் பழகிவிட்டாள். உண்மையான பேபி தன்னுடைய பொம்மையை முதல் தடவையாகச் சுற்றிவந்து பார்த்து, "அடியே, என் மூக்கு இப்படியாடி கீது?" என்று கேட்டதில் இருவருக்கும் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளும் சுவரைத் தட்டியே திட்டிக்கொண்டார்களாம்.

நான் நிறுவனத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: தேவை நிறைவேறிவிட்டது, இனி ராணி பொம்மை செய்ய மாட்டார், கலை என்பது தீராத தேவையின் வெளிப்பாடு. இதையும் கட்டுரையாக எழுதலாம் என்று தலைப்புவரை யோசித்துவிட்டேன். நல்லவேளை, எழுதுவதற்கு முன் வழக்கம்போல ஒரு சாயங்காலம் பெரும்பாக்கம் போனேன்.

மோட்டார் ரூம் பக்கத்தில், தகரத்துக்குக் கீழே, ராணி சிமெண்ட் பாலில் ஒரு லுங்கியை முக்கிக்கொண்டிருந்தார். புதிய ஆள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையில் டீ தம்ளரோடு. தனசேகரின் அப்பா.

"வூடு மாத்துறப்ப லுங்கிய வுட்டுட்டுப் போய்ட்டாங்க சார். காலைல டீ போட்டா அந்த எடம் காலியா கீது" என்றார். அவ்வளவுதான் அவர் தந்த விளக்கம். பேபி பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பைக்கு இன்னும் கொஞ்சம் கவர் திணி என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் ஒன்று செய்யக் கூடாதா என்று லேசாகக் கேட்டுப் பார்த்தேன். வயதாகிவிட்டால் வெட்கம் குறைந்துவிடுகிறது. "நீங்கதான் வாரா வாரம் வந்துகினே கீறீங்களே சார்" என்றார் ராணி.

செய்தி எப்படியோ நாலு பிளாக் தாண்டிப் போய்விட்டது. பொம்மை காய்ந்த பிறகு ஒரு நாள் தனசேகர் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பெரியவர் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியதில் அவர் பேச்சு மகனுக்கு மட்டும்தான் புரியும். பொம்மைக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்தினார்கள். இரண்டு பெரியவர்களும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மாடிகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கீரை அம்மாவும் வந்திருந்தார்.

பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு நல்ல கையை மெல்லத் தூக்கிப் பொம்மையைக் காட்டி ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது என்றுதான் நினைத்தேன். என் மனம் உடனே வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டது.

"என்ன சொல்றார் தனசேகர்?" என்றேன்.

தனசேகர் தயங்கினார். ராணியை ஒரு பார்வை பார்த்தார்.

"தொப்ப ஜாஸ்தியா கீதாம் சார்."

பேபிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மாடி மாடியாகச் சிரிப்பு ஏறியது. ராணி சிரிக்கவில்லை. பொம்மையின் வயிற்றை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார், கல்லாகிவிட்டிருந்தது. பெரியவர் அருகே குனிந்து, அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல பெருசு, காஞ்சிப்பூட்ச்சு. நீதான் நல்லா துண்ணு இந்தத் தொப்பயப் புடிக்கணும்."